பட்டாசு ஆலை விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணமா?

கேள்வி: ஜூன் 8, இரவு 9.05

சாத்தூர் பக்கம் ஒரு சிறிய பட்டாசு ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். டிப்ளமோ கெமிக்கல் படித்தவன், இந்தத் தொழிலுக்குப் புதியவன். பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டார்கள். "நடக்கிற விபத்தெல்லாம் ஆட்களின் கவனக்குறைவால்தான், நீ அவர்களைக் கவனமாக இருக்க வை, அது போதும்" என்கிறார் முதலாளி. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. பேனர், உறுதிமொழி, மாதம் ஒரு கூட்டம் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

ஜூன் 8, இரவு 10.40

பேனர் வையுங்கள், உறுதிமொழியும் எடுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது.

நான் சிவகாசி வட்டாரத்தில் போர்மேனாக இருந்தவன். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று மூன்று வகை ஆலையிலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது கூப்பிடும் ஆலைகளுக்குப் போய் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: வெடிபொருள் துறையின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு அங்கிருந்தும், அடுத்த நிலைக்குச் சென்னை அலுவலகத்திலிருந்தும், சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகத்திடமிருந்தும் உரிமம் வரும்.

விபத்துக்கு மறுநாள் பேப்பரைப் பாருங்கள். "மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். குழாயில் மருந்தை, அதாவது வெடிக்கும் ரசாயனக் கலவையை, போட்டுக் குச்சியால் இறுக்குவதே உராய்வுதான். அந்த வேலை நாள் முழுக்க உராய்வுக்குள் நடக்கிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அதே அசைவைச் செய்கிற கை எப்போதாவது ஒரு தடவை தவறும். எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் தவறும். அப்படித் தவறினால் ஒருவர் விரல் சுடுவதோடு நிற்குமா, அறையே போகுமா, பக்கத்து அறைக்கும் பாயுமா என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கிறோம். அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தோம், எவ்வளவு மருந்தை உள்ளே வைத்தோம் என்ற இரண்டு எண்களில் அந்தத் தீர்மானம் இருக்கிறது. அவற்றை எழுதுவது நீங்களும் முதலாளியும்தான், தொழிலாளி இல்லை.

ஜூன் 8, இரவு 11.15

எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வேலை அறைக்கு அதிகபட்சம் நான்கு பேர். கலவை அறையில் அதைவிடக் குறைவு. மருந்து அளவு உங்கள் லைசென்ஸிலேயே போட்டிருக்கும். டி.ஆர்.ஓ லைசென்ஸ் என்றால் ஒரு நேரத்தில் 15 கிலோ.

நாளைக்குப் போனதும் லைசென்ஸ் நகலையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த அறை எதற்கு என்று அதில் குறித்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடங்கள். மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, திரி வைக்கும் அறை, காயவைக்கும் மேடை, சரக்கு அறை. வரைபடத்தில் ஒன்றாகவும் நேரில் வேறாகவும் இருக்கும் இடங்களை எழுதி வையுங்கள். மரத்தடியில் சாக்கு விரித்து வேலை நடக்கிறதா, புதிதாகத் தகரக் கொட்டகை முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேனரை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, காலை 6.20

காலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களுக்கு இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை.

வேலை ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே பல விபத்துகள் நடந்திருக்கின்றன. வெயில் இல்லை, யாரும் களைத்துப் போகவில்லை, அவசரமும் ஆரம்பிக்கவில்லை. அப்படியிருந்தும் கலவை அறை வெடிக்கிறது. பெரும்பாலும் காரணம் நேற்று மிச்சமான மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அலுமினியம் மெதுவாக வினைபுரிய ஆரம்பிக்கும். சூடு உள்ளேயே தேங்கும். சில சமயம் அம்மோனியா நெடி அடிக்கும். இதைத் தடுக்கத்தான் கலவையில் கொஞ்சம் போரிக் பவுடர் சேர்ப்பார்கள். அது முழுக் காப்பு இல்லை. இரவெல்லாம் மூடி வைத்த பாத்திரத்தைக் காலையில் ஒருவர் திறந்து கையை விட்டுக் கிளறும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். தீராது என்று தெரிந்தால் கலக்கவே கூடாது. மிச்சம் இருந்தால், மணிமருந்தாக (சின்ன மணிகளாக உருட்டிய வண்ண மருந்து) இருந்தாலும் சரி, அன்று மாலையே முறைப்படி அழிக்க வேண்டும். அழிப்பதிலும் ஆள் செத்திருக்கிறார்கள். கழிவு மருந்தை ஒரே குவியலாகக் கொட்டித் தீ வைத்தால் அது வெடிகுண்டுதான். கொஞ்சம் கொஞ்சமாக, அறைகளிலிருந்து தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

கலவை அறைக்காரர் காலையில் உள்ளே போகும் முன் நீங்கள் போய் முந்தைய நாள் பாத்திரங்களைப் பார்த்துவிடுங்கள். மூடியிருக்கும் எதையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பெரிய போர்மேனைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

ஜூன் 9, மதியம் 1.30

உடை, செருப்பு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பருத்தி உடை மட்டும். பாலியஸ்டர் நிலைமின்சாரம் சேர்க்கும், தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். கொலுசு, உலோக வளையல், ஹேர்பின் வெளியே. செல்போன் கேட்டிலேயே. அறை வாசலில் தரையோடு இணைத்த செம்புத் தகடு இருக்கும், அதைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அந்தத் தகட்டின் கம்பி தரைக்குள் உண்மையிலேயே போகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வைத்துச் சோதியுங்கள், பாதி இடத்தில் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். தரையில் ரப்பர் விரிப்பு. விரிப்பில் மணல் இருக்கக் கூடாது, மருந்தில் மணல் கலந்தால் அதுவே பொறி.

வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவது அவசியம். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடரின் வெள்ளிப் பூச்சோடு வீட்டுக்குப் போய் நேராக அடுப்பைப் பற்ற வைக்கிற பெண்களை நான் அறிவேன். குளியலறைக்குத் தண்ணீர் இல்லாத ஆலையில் இதைச் சொல்லிப் பயன் இல்லை, முதலில் தண்ணீர் வர வழி செய்யுங்கள்.

ஜூன் 11, இரவு 9.50

"நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஆட்கள் கேட்பதில்லை, அவர்களே மருந்தை அள்ளி வந்து பக்கத்தில் குவித்து வைத்துக்கொள்கிறார்கள்" என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். உண்மைதான், குவித்து வைத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா?

செலுத்தும் வேலைக்குப் பெரும்பாலும் குரோஸ் (144 எண்ணிக்கை) கணக்கில்தான் கூலி. எத்தனை குரோஸ் முடித்தாரோ அத்தனைக்குக் காசு. மருந்து தீர்ந்தால் எழுந்து, வெயிலில் நடந்து, கலவை அறைக்குப் போய், காத்திருந்து வாங்கி வர வேண்டும். அந்த நடைக்கு யாரும் கூலி தருவதில்லை. தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் வேறு கழியவேண்டும். காலையிலேயே மொத்தமாக அள்ளி வந்துவிட்டால் நாலு குரோஸ் கூட ஓடும். நானோ நீங்களோ அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வோம். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கணக்கைக் கவனமாகப் போட்டுத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் கணக்கை உண்டாக்கியது கூலி முறை.

நான் இருந்த ஓர் ஆலையில் இதற்கு ஒரு வழி செய்தோம். மருந்து கொண்டு கொடுப்பதற்கென்றே ஓர் ஆளை நாள் கூலிக்கு வைத்தோம். அறை அறையாகச் சின்ன அளவில் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவார். பாத்திரமே சின்னது, அதற்குமேல் அதில் கொள்ளாது. பெண்களுக்கு எழுந்து போகிற வேலை இல்லை, கூலியும் குறையவில்லை. யாரிடமும் சத்தம் போடாமல், அபராதம் போடாமல், அறையில் இருக்கிற மருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. முதலாளிக்கு ஓர் ஆள் கூலி செலவு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் முகம் சுளித்தார், சீசன் முடியும்போது அவரே பக்கத்து ஆலைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, காலை 7.10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாப் பழியையும் குரோஸ் கூலி மேல் போட்டதுபோல் ஆகிவிட்டது. அது பாதி உண்மைதான். நாள் கூலி கொடுக்கும் ஆலையிலும் அறைக்கு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே வேறு காரணம். வடக்கே இருந்து வரும் ஆர்டர் தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே லாரி ஏற வேண்டும். மழைநாளில் சரக்கு காயாது, அந்த நாட்கள் போச்சு. போன நாட்களை மிச்ச நாட்களில் ஈடுகட்ட வேண்டும். அறை கூடவில்லை, ஆள் மட்டும் கூடுகிறது.

ஆகையால் கூலி முறை ஒரு பக்கம், ஆர்டர் எடுக்கும் முறை ஒரு பக்கம். உங்கள் ஆலையில் எத்தனை அறை, அறைக்கு நாலு பேர், ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு முடிப்பார், மழைக்கும் கடும் வெயிலுக்கும் எத்தனை நாள் கழிக்க வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு, அதற்குமேல் ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். பாதுகாப்புக்காகப் போடும் தாள்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை. அவர் கேட்பாரா என்பது வேறு விஷயம். தாள் இருக்கட்டும்.

ஜூன் 14, இரவு 10.20

வெயிலில் எப்போது வேலையை நிறுத்துவது என்று ஒருவர் கேட்டார். இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மதியத்துக்கு மேல் மருந்து வேலை செய்வதே தப்பு. அதிகாலையில் ஆரம்பித்து உச்சிக்கு முன் முடிப்பதுதான் பழைய ஆட்களின் பழக்கம். இடி சத்தம் தூரத்தில் கேட்டாலும் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மின்னல் விழுந்து வெடித்த ஆலைகள் உண்டு.

ஒரு சித்திரை மாதம், முதலாளி மதியம் வந்து "ஏன் இன்னும் நாலு மணி நேரம் பார்க்கக் கூடாது?" என்று கேட்டார். செலுத்தும் அறையில் வயதான ஓர் அக்கா பட்டென்று சொன்னார்: "சூரியன் நாக்பூர் லைசென்ஸ் வாங்கியிருக்கார் மொதலாளி, நம்மகிட்ட இருக்கறது டி.ஆர்.ஓ லைசென்ஸ். அவர்கூட நம்மால போட்டி போட முடியாது." அறையே சிரித்தது, முதலாளியும் சிரித்துவிட்டார், அன்றைக்கு வேலை நின்றது. எல்லா நாளும் அப்படிச் சிரிப்போடு நிற்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? உங்கள் முதலாளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பாதுகாப்புப் பொறுப்பு உங்களுடையது என்று சொன்னார்களே, இன்று வேலை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வேலை நிற்குமா? நின்றால் அன்றைய கூலி ஆட்களுக்கு உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் உங்களால் இந்த வேலையைச் செய்ய முடியும். கூலி கிடையாது என்றால், நீங்கள் நிறுத்தச் சொல்லும்போது அறையில் இருக்கும் பெண்களே உங்களை எதிர்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 14, இரவு 11.35

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987இல் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களுக்கென்று ஓர் அத்தியாயமே அப்போது சேர்ந்தது. அதில் 41ஜி பிரிவு: தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் குழு. 41எச் பிரிவு: உடனடி ஆபத்து வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் தொழிலாளி அதை மேலாளரிடமோ பொறுப்பாளரிடமோ சொல்லலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மை என்று தெரிந்தால் நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும், இல்லை என்று நினைத்தால் ஆய்வாளரிடம் விட வேண்டும் என்றது அந்தப் பிரிவு.

நல்ல பிரிவுதான், போபாலில் செத்தவர்களால் கிடைத்தது. ஆனால் கவனியுங்கள், எச்சரிக்கும் உரிமை அங்கே இருந்தது. கையை எடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன், கூலியைக் கொடு என்று கேட்கும் உரிமை அந்தப் பிரிவில் இருக்கவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன, அவற்றைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். எந்தச் சட்டமாக இருந்தாலும் நான் அதில் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

ஜூன் 15, மாலை 6.00

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. இந்தப் பக்கத்தில் அந்தத் தேதி தெரியாதவர் கிடையாது. கிட்டத்தட்ட நாற்பது பேர் போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் தீயைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்தவர்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். அதன்பின் அடுத்தடுத்த அறைகள் வெடித்தன.

உள்ளே யாராவது மாட்டியிருப்பார்களோ என்றுதான் மனிதர்கள் ஓடுகிறார்கள். ஓடாதே என்று சொல்லி அவர்களை நிறுத்த முடியாது. உள்ளே யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் நிற்பார்கள். எனவே வருகைப் பதிவேடு அறைகளிலிருந்து தூரத்தில், கேட்டில் இருக்க வேண்டும். இன்று எந்த அறையில் யார் என்று அதில் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும், மதியம் ஆள் மாறினால் திருத்த வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் எங்கே வந்து நிற்பது என்று ஓர் இடம். அங்கே பெயர் கூப்பிட்டுப் பார்க்க ஒருவர், அவர் லீவு என்றால் இன்னொருவர்.

ஊர்க்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு மாலை போய் உட்கார்ந்து, ஆலையில் சத்தம் கேட்டால் ரோட்டிலேயே நில்லுங்கள், வண்டிக்கு வழி விடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தானே உள்ளே இருக்கிறார்கள், உறுதியான தகவல் கிடைக்க அவர்களுக்கு ஒரு போன் எண் வேண்டும். அதையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 17, இரவு 9.15

"எங்கள் முதலாளி வேறு, நடத்துகிறவர் வேறு, நான் யாரிடம் கேட்பது?" என்று தனியாக எழுதியவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்து. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை பலர் கையில், அறைகள் உள்குத்தகைக்கு என்ற விவரம் அப்போது வெளியே வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து விசாரணைக் குழு அமைத்தது.

உள்குத்தகையில் என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொருவரும் தன் அறைக்கு மட்டும் மருந்தைக் கணக்குப் பார்க்கிறார். மொத்த ஆலைக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து அறையில் என்ன ரகம் ஓடுகிறது என்பதும் தெரியாது. குத்தகை எடுத்தவருக்கு அந்த ஒரு சீசன்தான் கணக்கு, அதற்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். சுவர் விரிசலைச் சரிசெய்யவோ, புல்லை வெட்டவோ, இடிதாங்கியைப் பார்க்கவோ அவர் ஏன் செலவு செய்வார்? அப்படிப்பட்ட இடத்தில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை வைப்பது, மன்னிக்கவும், கைது செய்வதற்கு ஓர் ஆளைத் தயாராக வைப்பதுதான். வேறு வேலை தேடுங்கள் என்பதுதான் என் நேர்மையான பதில். குடும்பச் சூழல் விடவில்லை என்றால், நாள்தோறும் மொத்த மருந்து எவ்வளவு இறங்கியது, எந்த அறைக்கு எவ்வளவு போனது என்ற கணக்கையாவது உங்கள் கைக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

ஜூன் 18, காலை 8.00

பசுமைப் பட்டாசு வந்துவிட்டதே, இனி ஆபத்து குறையும்தானே என்று கேட்டவருக்கு: அது புகையையும் தூசியையும் குறைப்பதற்காக வந்தது. நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் கொடுத்த ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற கலவைகள் எல்லாம் வெடிக்கும்போது வெளியாவதைக் குறைக்கும் முயற்சிகள். செலுத்தும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் மருந்துதான், அதே நான்கு பேர், அதே அளவு. கலவை மாறும்போது பழைய கைப்பழக்கம் உதவாது என்பதால் கூடுதல் பயிற்சிதான் வேண்டும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. அதன் பிறகு சரவெடி வேலையில் ஒரு பகுதி வீடுகளுக்கும் தோட்டத்துக் கொட்டகைகளுக்கும் நகர்ந்தது. அங்கே லைசென்ஸும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் மருந்து இருக்கிறது. தீர்ப்பைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. வேலை இழந்தவர்களுக்கு மாற்று என்ன என்பதை யாராவது அதோடு சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

பழைய தடை ஒன்றும் ஞாபகம் வருகிறது: குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையை 1992இலேயே தடை செய்தார்கள். லேசாகத் தேய்த்தாலே பற்றும் கலவை அது. ஆபத்தை வேரோடு எடுத்த நடவடிக்கை என்று நான் மனதாரப் பாராட்டுவது அதைத்தான். யாரும் யாரையும் கவனமாக இரு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 20, மதியம் 2.45

தீக்காயத்துக்கு என்ன செய்வது? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். மாவு, பேனா மை, பற்பசை, முட்டை எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், ஒட்டாததை எடுத்துவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். பெரிய காயமென்றால் தண்ணீர் ஊற்றும்போதே 108க்குப் போன் போகட்டும். மூக்கில் கரி, குரல் கரகரப்பு இருந்தால் உள்ளேயும் சுட்டிருக்கிறது, பேசுகிறாரே என்று நம்பி உட்கார வைக்காதீர்கள்.

அறைகளுக்குப் பக்கத்தில் தொட்டியும் வாளியும் இருக்கும், தீயை அணைக்க. உடம்பில் ஊற்றுவதற்கென்று வேறொரு நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது, நிலைமை மோசமென்றால் மதுரைக்கு அனுப்புவார்கள், அது 70 கிலோமீட்டர் தூரம். எந்த ரோடு மழையில் தேங்கும், ரயில்வே கேட் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் டிரைவர் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ பதிவு எல்லாருக்கும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சீசனுக்கு வரும் ஆட்கள் பெயர் பட்டியலில் இருக்காது. காயம்பட்ட பிறகு பெயரைச் சேர்க்க ஓடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஜூன் 22, இரவு 10.05

விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர் போர்மேன். செய்தியில் அந்த வரியும் தவறாமல் வரும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, உங்கள் பொறுப்பு என்ன, அதிகாரம் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வேலையை நிறுத்தலாம், ஆளை வெளியே அனுப்பலாம், அளவுக்கு மேல் மருந்து கலக்க மறுக்கலாம் என்று ஒரு கடிதம். தர மறுத்தால் நீங்களே எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. சின்னத் தீயெல்லாம் அதில் ஏற வேண்டும். ஒரு குழாய் புகைந்தது, விரிப்பில் பொறி தட்டியது, பாத்திரம் கைதவறி விழுந்தது, எதுவாக இருந்தாலும். இவை எல்லா ஆலையிலும் நடக்கின்றன, சொன்னால் திட்டு விழும், கூலி பிடிப்பார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னவர் பெயரை எழுதாதீர்கள், அறையையும் நேரத்தையும் ரகத்தையும் மட்டும் எழுதுங்கள். கொஞ்ச நாளில் ஒரே அறை, ஒரே ரகம், ஒரே நேரம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். நான் ஒரு தடவை அப்படிப் பார்த்துப் போய்த் தேடியபோது அந்த அறையின் ரப்பர் விரிப்பு ஓரம் கிழிந்து, கீழே சிமெண்ட் தரை பெயர்ந்து, மருந்தில் மணல் ஏறிக்கொண்டிருந்தது. புது விரிப்பும் ஒரு கொத்தனார் வேலையும், அவ்வளவுதான் செலவு.

ஜூன் 29, காலை 6.45

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். வரைபடத்தோடு நடந்ததில் இரண்டு அறைகள் மாறியிருந்தன, ஒன்றைக் காலி செய்ய வைத்துவிட்டார், இன்னொன்றுக்கு "சீசன் முடியட்டும்" என்கிறாராம் முதலாளி. இடி கேட்டு வேலையை நிறுத்திய நாளில் அரை நாள் கூலி கொடுத்திருக்கிறார்கள். முழுக் கூலி இல்லை. இருந்தாலும் ஆரம்பம்தான், அடுத்த தடவை முழுக் கூலியைக் கேளுங்கள், அந்த அறைப் பெண்களையும் உடன் அழைத்துப் போய்க் கேளுங்கள்.

அந்த இரண்டாவது அறையை விட்டுவிடாதீர்கள். சரக்கு அறை என்று வரைபடத்தில் இருக்கும் இடத்தில் மருந்து செலுத்துகிறார்கள் என்றால், அந்த அறைக்குக் கதவு ஒரு பக்கம்தான் இருக்கும், செலுத்தும் அறைக்கு வேண்டிய வழிகள் இருக்காது. சீசன் முடியும்வரை காத்திருக்க முடியாதது அது. மருந்தை வெளியே எடுத்துவிட்டு அங்கே லேபிள் ஒட்டுவது, பெட்டி மடிப்பது போன்ற வேலையைக் கொடுக்கலாம், அதே நான்கு பேரின் வருமானம் குறையாதபடி குரோஸ் விலையைப் பேசிக் கொடுங்கள். மறுத்தால், சிவகாசியில் தொழிலகப் பாதுகாப்புத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது, உங்களையும் இரண்டு ஆட்களையும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போனால் அங்கே இந்த அறையைப் பற்றி, ஆலைப் பெயர் சொல்லாமலே, ஒரு சந்தேகமாகக் கேளுங்கள். அதிகாரி சொல்லும் பதிலை முதலாளியிடம் வந்து சொல்வது, நீங்களாகச் சொல்வதைவிட எளிதாக இருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் உடனடி ஆபத்து என்று மேலாளருக்கும் ஆய்வாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன், வரைபடத்தின் படத்தை மட்டும் தனியாக அனுப்புங்கள்.

ஜூன் 29, காலை 7.05

லேபிள் அறையிலும் நான்கு பேர்தான். செலுத்தி முடித்த சரக்கும் மருந்துதான்.